சிவப்பு வட்டம்

ஜனவரி 8, வியாழன்

சீசன் ஆரம்பித்துவிட்டது. காலையில் ஆபீசுக்குப் போனால் மூன்று சாக்கு நிறைய விண்ணப்பம். ஆறாம் வகுப்புக்கு நாற்பது இடம். இதுவரை வந்திருப்பது அறுநூற்றுப் பன்னிரண்டு. கட்டணம், ஹாஸ்டல், சாப்பாடு, ஸ்வெட்டர் எல்லாம் சேர்த்து முழு இலவச இடம் ஒன்றே ஒன்று. அதற்கு மட்டும் எண்பத்தேழு பேர்.

இருபத்தாறு வருஷமாக இந்த மலைமேல் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். நாலு வருஷமாகச் சேர்க்கைக் குழுவின் செயலாளர் வேலையும் என் தலையில். போன மாதம் டாக்டர் ரத்த அழுத்தம் பார்த்துவிட்டு, "மிஸ், கோவத்த உள்ள வைக்காதீங்க, ஒரு நோட்டுல எழுதித் தீத்துருங்க" என்றார். இதுதான் அந்த நோட்டு. பெரிய சைசாக வாங்கியிருக்கிறேன்.

ஒவ்வொரு பிள்ளையும் மற்றவர்களிலிருந்து தனித்துத் தெரிய வேண்டுமாம். அதற்குச் சென்னையிலும் கோயம்புத்தூரிலும் கன்சல்டன்ட் என்று கடை போட்டு உட்கார்ந்திருக்கிறார்கள். விளைவு, அறுநூற்றுப் பன்னிரண்டு பேரும் தனித்துத் தெரிகிறார்கள், ஒரே மாதிரி. போன வருஷம் அறுபத்து மூன்று பேர் மரம் நட்டிருந்தார்கள். நாற்பது பேர் குப்பத்துப் பிள்ளைகளுக்குப் பென்சில் கொடுத்து, அதனால் வாழ்க்கையைப் புரிந்துகொண்டிருந்தார்கள். பத்து வயசில்.

இதை ஒழிக்க எங்கள் பிரின்சிபால் நந்தகோபால் இந்த வருஷம் ஒரே கேள்வி வைத்திருக்கிறார்: "நீ தினமும் செய்கிற, யாரும் உன்னைச் செய்யச் சொல்லாத ஒரு காரியம் என்ன? உன் கையாலேயே ஒரு பக்கம் எழுது." மனுஷருக்குத் தான் பெரிய தந்திரசாலி என்று நினைப்பு. முதல் சாக்கைப் பிரித்தேன். முதல் பத்தில் ஏழு பேர் தினமும் அணிலுக்குச் சோறு வைக்கிறார்கள்.

ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் சிவப்புப் பென்சில் இருக்கிறது. போலி என்று தெரிந்தால் விண்ணப்பத்தின் மேல் மூலையில் ஒரு சிவப்பு வட்டம். வட்டம் விழுந்ததை இன்னொருவர் எடுத்துப் பார்க்கக் கூடாது. மறுபேச்சு கிடையாது. நாலு வருஷத்துக்கு முன் நான் கொண்டுவந்த விதி. குழுவில் என்னை "எப்சிபா மிஸ்ஸின் மூக்கு" என்பார்கள். கேலியாகச் சொல்வதாக நினைத்துச் சொல்கிறார்கள். எனக்குக் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 11, ஞாயிறு

ஊரிலிருந்து ஜெபக்கனி போன் பண்ணினாள். என் தங்கை. அவள் புருஷன் அருமைராஜ் மூன்று நாளாக வீட்டுக்கு வரவில்லையாம். வராமல் இருந்தால் நல்லதுதானே என்றேன். வந்துவிடுவானே என்று அழுதாள்.

"எக்கா, பெர்சிசுக்கு ஃபாரம் போடப் போறேன். அந்த இலவச இடத்துக்கு."

"என்னைக் கேக்காம எதுக்குட்டி போடுத? நான் இருக்கிற இடத்துல எனக்குச் சொந்தக்காரப் பிள்ளை வரக்கூடாது. தெரியுமா?"

"அவளாவது இந்த வீட்ட விட்டுப் போவட்டும்க்கா. ராத்திரி அவரு வந்து கதவத் தட்டினா, இந்தப் பிள்ளை எனக்கு முன்னால போய் நிக்கி."

பெர்சிசைக் கூப்பிடு என்றேன். அவள் போனை வாங்கி, "இந்தா வாரேன் பெரியம்மா, இன்னும் அஞ்சு வீடு பாக்கி இருக்கு" என்று சொல்லிவிட்டு ஓடியேவிட்டாள். எந்த அஞ்சு வீடு என்று நான் கேட்கவில்லை. ஜெபக்கனியும் அவசரத்தில் இருந்தாள். "நாளைக்கு அஞ்சே காலுக்குத் தண்ணி வருதாம்க்கா, எதுத்த வீட்டுப் பிள்ளை சொல்லிட்டு. குடமெல்லாம் கழுவணும்." வைத்துவிட்டாள். பத்து நாளைக்கு ஒரு தரம் தண்ணீர் விடுகிற ஊரில் மணிக்கணக்காம். சரிதான்.

ஜனவரி 12, திங்கள்

நான் ஒன்றும் எழுதிக்கொடுக்கவில்லை. இதைத் தெளிவாக இங்கே எழுதி வைக்கிறேன். பெர்சிஸ் அனுப்பவிருந்த பக்கத்தை ஜெபக்கனி போனில் படித்தாள். தினமும் ஜெபம் பண்ணுகிறாளாம், அம்மாவுக்கு உதவி செய்கிறாளாம். இப்படி எழுதினால் நானே எறிந்துவிடுவேன். எது எடுபடும் என்று ஒரு யோசனை சொன்னேன், அவ்வளவுதான். ராத்திரி அப்பா வந்ததும் வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை, காலையில் அவர் மாட்டிக்கொள்ள வசதியாக வெளிப்பக்கம் பார்த்துத் திருப்பி வைக்கிறாள். ஏன் என்று எழுதக் கூடாது. அப்பா குடிக்கிறார் என்று ஒரு எழுத்து வரக் கூடாது. படிக்கிறவர்கள் தாமாகப் புரிந்துகொண்டு கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள்.

நாலு வருஷம் குப்பை படித்ததில் நான் கற்றுக்கொண்டது இது. அணில்காரர்களுக்கு இது ஜென்மத்தில் வராது.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். விடுமுறை. அப்படியும் ஒரு குடும்பம் கேட்டில் வந்து நிற்கிறது, "சும்மா கேம்பஸைப் பார்க்க". வாட்ச்மேன் கையில் முந்திரிப் பொட்டலம்.

ஜனவரி 19, திங்கள்

பெற்றோர் பார்வையிடும் நாள். காலை ஒன்பதிலிருந்து என் மேஜைக்கு முன்னால் வரிசை.

திருப்பூரிலிருந்து ஒரு பையன். பத்து வயசு. கோட், டை. வந்ததும் என் கையில் விசிட்டிங் கார்டைக் கொடுத்தான். நிறுவனர், தலைமைச் செயல் அதிகாரி என்று போட்டிருக்கிறது. என்ன கம்பெனிடா என்றேன். அம்மாவைப் பார்த்தான். அம்மா சொன்னார், பழைய துணியில் பை தைத்து விற்கிறானாம். ஊசியில் நூல் கோக்கத் தெரியுமா என்றேன். மறுபடியும் அம்மாவைப் பார்த்தான். பாவம், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது. மலைக்குளிர். கைக்குட்டையைக் கொடுத்தேன். தலைமைச் செயல் அதிகாரி நன்றாகச் சிந்தினான்.

அடுத்து ஒரு அப்பா. மகள் மூன்று மொழியில் கவிதை எழுதுகிறாளாம். புஸ்தகமே போட்டிருக்கிறார்கள், வழவழ அட்டையில். "மிஸ், மத்த பிள்ளைங்க கூட்டத்துல எம்பொண்ணு தொலைஞ்சு போயிரக் கூடாது பாருங்க" என்றார். இங்கே அட்டெண்டன்ஸ் இரண்டு வேளை எடுக்கிறோம் சார், யாரும் தொலைந்து போக மாட்டார்கள் என்றேன். மனுஷன் சிரிக்கவில்லை. அந்தப் பெண் சிரித்தது. அதற்கு ஒரு மார்க் போட்டேன்.

நந்தகோபால் வராந்தாவில் எல்லாரிடமும் "நாங்க பிள்ளைங்களோட உண்மையைத்தான் தேடுறோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். இருபது தடவை கேட்டேன். உண்மை என்னவோ தோட்டத்தில் விழுந்து கிடக்கிற சாவிக்கொத்து மாதிரி.

ஜனவரி 24, சனி

இன்று ஒரே மூச்சில் இலவச இடத்து விண்ணப்பங்கள். இரண்டு பேர் படிக்க வேண்டும், நானும் தாரிணியும். தாரிணி போன வருஷம் சேர்ந்த இங்கிலீஷ் டீச்சர். எதைப் படித்தாலும் கண்ணில் தண்ணீர் வந்துவிடும். எனக்குக் கண் வலிக்கிறது என்று சொல்லி பெர்சிஸ் இருந்த கட்டை அவளிடமே கொடுத்துவிட்டேன். உண்மையிலேயே கண் வலித்தது.

நான் படித்த கட்டுக்குள் ஒன்று இருந்தது. இப்படி ஒரு கைங்கரியத்தை நான் இதுவரை பார்த்ததில்லை. கன்சல்டன்டுகள் எவ்வளவு தூரம் போய்விட்டார்கள் என்பதற்கு அத்தாட்சியாக அப்படியே எழுதி வைக்கிறேன். தமிழில், ரூல் போட்ட நோட்டுத் தாளில்:

"எங்கள் தெருவில் ஒன்பது, பத்து நாளைக்கு ஒரு தடவை குழாயில் தண்ணீர் வரும். எந்த நாள், எத்தனை மணி என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அம்மா தீப்பெட்டி ஆபீசுக்குப் போய்விட்டால் எங்களுக்குத் தண்ணீர் கிடையாது. அதனால் மூன்றாம் வகுப்பில் இருந்து தண்ணீர் வந்த நாளை எல்லாம் நோட்டில் எழுதினேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு தினமும் பள்ளிக்கூடம் விட்டு வரும்போது மோட்டார் ரூமைப் பார்த்துவிட்டு வருவேன். மோட்டார் அண்ணாச்சியின் சைக்கிள் ரூமுக்கு உள்ளே நின்றால் அவர் அங்கேயே படுக்கிறார். மறுநாள் ஐந்தில் இருந்து ஐந்தரைக்குள் வரும். வெளியே நின்றால் வராது. சைக்கிள் உள்ளே நின்று, தூக்குச்சட்டி தொங்கவில்லை என்றால் அவர் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விட்டு வருவார், ஆறு மணி ஆகும். நான்காம் வகுப்பில் இருந்து எல்லாருக்கும் சொல்கிறேன். இதுவரை நாற்பத்தொரு தடவை வரும் என்று சொன்னேன். முப்பத்தாறு சரி. ஐந்து தப்பு. தப்பான ஐந்தில் இரண்டு நாள் கரண்ட் இல்லை. மூன்று நாள் ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. எனக்குச் சத்தமாகப் பேச வராது. அதனால் வீடு வீடாகப் போய்ச் சொல்ல ஒரு ஆள் வைத்திருக்கிறேன்."

அவ்வளவுதான். முடிவுரை கூட இல்லை.

ஏழைத் தெரு, கணக்கு மூளை, ஊருக்கு உபகாரம். மூன்றையும் ஒரே பக்கத்தில் கோத்திருக்கிறார்கள். அதோடு அந்தத் தூக்குச்சட்டி. எவனோ ஏசி ரூமில் காப்பி குடித்துக்கொண்டே யோசித்திருக்கிறான். மாட்டிக்கொண்ட இடம், "மூன்று நாள் ஏன் என்று எனக்கு இன்னும் தெரியவில்லை". தன் தப்பை எண்ணி வைத்து, காரணம் தெரியாததைத் தனியாகப் பிரித்து எழுதுகிற பிள்ளை உலகத்தில் உண்டா? என் பத்தாம் வகுப்பில் ஒருத்தனும் இல்லை. எடு பென்சிலை. வட்டம்.

பெயர், ஊர், தெரு இதையெல்லாம் பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை. கட்டுரையை மட்டும்தான் பார்ப்பேன்.

ஜனவரி 25, ஞாயிறு

தலைவலி. ஆலயத்துக்குப் போகவில்லை.

ஜனவரி 31, சனி

ஆசிரியர் அறையில் தாரிணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"மிஸ், அந்தச் செருப்புக் கட்டுரை படிச்சீங்களா? அப்பா செருப்பைத் திருப்பி வைக்கிற பொண்ணு. என்னால தாங்கவே முடியல மிஸ். வேற ஒண்ணுமே சொல்லல அந்தப் பொண்ணு. ஆனா எல்லாம் தெரியுது."

ஓஹோ என்றேன். பாடப்புத்தகத்தைப் பிரித்து வைத்துக்கொண்டேன். முகத்தை யாரும் பார்க்காமல் இருக்க அது வசதி.

"உங்க மேஜையில ஒரு தண்ணி கட்டுரை இருந்துச்சே மிஸ்? ரெண்டு வரிதான் பாத்தேன். நல்லா இருந்த மாதிரி இருந்துச்சு."

"கன்சல்டன்ட் சமாச்சாரம்."

"அப்படியா மிஸ்? நோட்டுத் தாள்ல இருந்துச்சே."

"நோட்டுத் தாள் கன்சல்டன்டுக்குக் கிடைக்காதா?"

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு எதிலும் ஏமாறத் தயாராக ஒரு மனசு. இவளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடம் நடத்தினால் அணில்கள் நாற்பது பேரும் உள்ளே வந்துவிடுவார்கள்.

பிப்ரவரி 7, சனி

இலவச இடத்துக்கு ஐந்து பேரை நேர்முகத்துக்குக் கூப்பிட்டாயிற்று. பெர்சிசும் உண்டு. தாரிணி பத்துக்குப் பத்து போட்டிருந்தாள். நான் மார்க் போடவில்லை, கையெழுத்து மட்டும் போட்டேன்.

ஜெபக்கனி போன் பண்ணினாள். சந்தோஷப்படுவாள் என்று பார்த்தால் குரல் சுரத்தில்லாமல் இருந்தது.

"லெட்டர் வந்ததுலேருந்து இவ சரியாச் சாப்பிடலக்கா. கோமதிக்கு வரலியாம்."

"எந்தக் கோமதி?"

"சங்கரகோமதிக்கா. எதுத்த வீடு. தண்ணி சொல்லுமே, அந்தப் பிள்ளை. ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் போஸ்ட் ஆபீசுல போய்ப் போட்டாளுவ. கோமதிக்கு நம்ம பெர்சிஸ்தான் ஃபாரமே வாங்கிக் குடுத்தா."

ஓர் இடம்தானே, இரண்டு பேரும் எப்படி வர முடியும் என்றேன். ஜெபக்கனி அதற்கு, "ஆமா, அது தெரிஞ்சுதான் போட்டாளுவ. யாருக்குக் கிடைச்சாலும் சரின்னு பேசி வச்சிருந்தாளுவ. கோமதியக் கூப்பிடவே இல்லியேன்னுதான் அவளுக்கு வருத்தம்" என்றாள்.

எந்தக் கோமதி என்று நான் கேட்டேன் என்பதை எழுதியிருக்கிறேன். கேட்டது கேட்டதுதான்.

சாயங்காலம் முழுவதும் ஒன்பதாம் வகுப்புப் பேப்பர் திருத்தினேன். ஒரு சமன்பாட்டையும் ஒழுங்காகப் போடவில்லை, தடிமாடுகள்.

பிப்ரவரி 14, சனி

நேர்முகம். குழுவில் நந்தகோபால், டிரஸ்டி அம்மாள் ஒருவர், தாரிணி. நான் ஓரத்தில் குறிப்பு எழுத.

ஜெபக்கனியும் பெர்சிசும் ஏழரைக்கே வந்து வராந்தாவில் உட்கார்ந்திருந்தார்கள். பேசிவைத்தபடி நானும் அவர்களைத் தெரியாதவள் மாதிரி கடந்து போனேன். பதினோரு மணிக்கு வெயில் சுள்ளென்று அடித்தது, எல்லாரும் ஸ்வெட்டரைக் கழற்றினார்கள். ஜெபக்கனி கழற்றவில்லை. கையை முழுக்க மூடி உட்கார்ந்திருந்தாள்.

பெர்சிஸ் நாலாவதாக வந்தாள். யாருடைய ஷூவையோ போட்டுக்கொண்டு, ஒரு சைஸ் பெரிசு. தாரிணி பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். எல்லாம் கணக்காகத்தான் போய்க்கொண்டிருந்தது. நந்தகோபால் எல்லாப் பிள்ளையிடமும் ஒரு அசட்டுக் கேள்வி கேட்பார், நாய் வைத்திருந்தால் நாயின் பெயர் என்ன, அணில் வைத்திருந்தால் அணிலுக்குப் பெயர் உண்டா என்று. இவளிடம்,

"உங்கப்பா செருப்பு என்ன கலர்ம்மா?"

பெர்சிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் குறிப்பேட்டைப் பார்த்தேன்.

"அப்பாட்ட செருப்பு கிடையாது சார். எங்கயாச்சும் விட்டுட்டு வந்துருவாவ. இப்போ வாங்கித் தாரதே இல்ல."

மூன்று தடவை அவர்கள் வீட்டுக்குப் போயிருக்கிறேன். ஒரு தடவைகூட வாசலைப் பார்த்ததில்லை.

நந்தகோபால் பேனாவைக் கீழே வைத்தார். "அப்போ நீ எழுதினது?"

"அது எங்க பெரியம்மா எழுதச் சொன்னது சார்."

"பெரியம்மா பேரு என்ன?"

"சொல்லக்கூடாதுன்னு அம்மா சொல்லிருக்கு."

டிரஸ்டி அம்மாள் உதட்டைப் பிதுக்கினார். தாரிணியின் முகம் செத்துப்போயிற்று. பார்க்கச் சகிக்கவில்லை. நந்தகோபாலைப் பற்றி நான் எத்தனையோ சொல்வேன், ஆனால் அந்த மனுஷர் பிள்ளையை விரட்டவில்லை. "சரி, நீ தினமும் நெசமா என்னம்மா செய்வே?" என்றார்.

"நானா? தண்ணி சொல்லப் போவேன் சார்."

"அப்படின்னா?"

அதற்கப்புறம் அவள் நிறுத்தவே இல்லை. நான் குறிப்பில் எழுதியதை இங்கேயும் எழுதுகிறேன்.

"எங்க தெருவுல முப்பத்திரண்டு வீடு சார். நாளைக்கு வரும், வராதுன்னு கோமதி சொல்லுவா. அவளுக்குச் சத்தம் வராது, அதனால நான்தான் போவேன். வரும்னாலும் போவேன், வராதுன்னாலும் போவேன். இல்லன்னா நாலு மணிக்கே எந்திரிச்சி குடத்தோட உக்காந்திருப்பாவ. மூணாம் வீட்டு ஆச்சிக்குக் காது கேக்காது, அவியளுக்கு விரலைக் காட்டணும். டெய்லர் வீட்டுல ரெண்டு பேரும் பேசிக்கிட மாட்டாவ, அதனால ரெண்டு பேர்ட்டயும் தனித்தனியாச் சொல்லணும். தப்பாப் போச்சுன்னா என்னைத்தான் ஏசுவாவ. கோமதிய ஏச விட மாட்டேன். அவ அழுதுருவா. அழுதா அன்னிக்கு நோட்டுல எழுத மாட்டா. எழுதலன்னா கணக்கு விட்டுப்போவும்லா."

டிரஸ்டி அம்மாளின் உதடு தானாக உள்ளே போயிருந்தது.

பெர்சிஸ் கேட்டாள், "கோமதியும் ஃபாரம் போட்டா சார். அவளுக்கு லெட்டர் வரல. தபால்ல தொலைஞ்சு போச்சா சார்?"

நந்தகோபால் என் பக்கம் திரும்பினார். "மிஸ் எப்சிபா, அப்படி ஒரு அப்ளிகேஷன் வந்துச்சா?"

"பாத்துச் சொல்றேன் சார்" என்றேன். தாரிணி என்னைப் பார்த்தாள்.

நாலு மணிக்கு ஹாஸ்டலுக்குப் பின்னால் பாய்லர் அறைக்குப் போனேன். வட்டம் போட்டதெல்லாம் சாக்கில் கட்டி அங்கேதான் போகும். சனிக்கிழமை பிள்ளைகளுக்குத் தலைக்குளியல். வெந்நீர் பார்த்துக்கொள்கிற பெள்ளி அடுப்புக்கு முன்னால் குந்தியிருந்தான்.

"பெள்ளி, நான் அனுப்பின காகிதச் சாக்கு எங்கே?"

"அது போன வாரமே போட்டாச்சுங்க டீச்சரம்மா. வெறகு ஈரம். மொதல்ல காகிதம் போட்டாத்தான் புடிக்குது."

"எல்லாமேவா?"

"எல்லாந்தாங்க. நல்லா எரிஞ்சுதுங்க."

பெண்பிள்ளைகள் குளித்துவிட்டுத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு வரிசையாகப் போனார்கள். "குட் ஈவினிங் மிஸ்" என்றார்கள் ஒவ்வொருத்தியும். நானும் ஒவ்வொருத்திக்கும் குட் ஈவினிங் சொன்னேன்.

பிப்ரவரி 15, ஞாயிறு

காலையில் நந்தகோபால் வீட்டுக்குப் போய் ஒரு விஷயம் மட்டும் சொன்னேன். விண்ணப்பம் வந்தது, நான்தான் வட்டம் போட்டேன், தப்பாகப் போட்டேன். மற்றது சொல்லவில்லை. வாயில் வரவில்லை.

அவர் தோட்டத்தில் ரோஜாவுக்கு மருந்து அடித்துக்கொண்டிருந்தார். "தப்பா போட்டீங்களா? நீங்களா?" என்றார் இரண்டு தடவை. பிறகு, "அந்தப் பிள்ளை எழுதின பக்கம் எங்கே மிஸ்? திங்கட்கிழமை கமிட்டி. பக்கத்தைக் காட்டாம, வட்டம் விழுந்த ஒண்ணை நான் எப்படித் திரும்ப எடுக்க முடியும்? விதியே நீங்க போட்டதுதானே" என்றார்.

எரிந்துவிட்டது என்றேன்.

"புதுசா எழுதி வாங்கலாம்னா, விஷயம் தெரிஞ்ச பிறகு எழுதினதுன்னு ஆயிரும். அன்னிக்கு வந்தது என்னன்னு ஏதாவது இருக்கணும். இல்லியா?"

இருக்கிறது. வார்த்தைக்கு வார்த்தை, தேதி போட்டு, என் கையெழுத்தில் இருக்கிறது. கேலி பண்ணுவதற்காக எழுதி வைத்தது. இந்த உலகத்தில் அந்தப் பிள்ளையின் கட்டுரை இப்போது இந்த நோட்டில் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து ஜெபக்கனிக்குப் போன் பண்ணினேன். எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தாள்.

"அப்போ எம்பிள்ளைக்கு?"

"நான் சொன்னா அவளுக்குக் கிடைக்காதுட்டி. எனக்குச் சொந்தம், அதுவும் நான் சொல்லிக்குடுத்து எழுதினதுன்னு ஆயிரும்."

"நீ சொல்லலன்னா?"

"தெரியல. பேசினது நல்லாப் பேசிட்டா. கிடைச்சாலும் கிடைக்கும்."

பின்னால் அருமைராஜின் குரல் கேட்டது, எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

"நீ படிச்சவ. உனக்கு எது சரியோ செய்யி" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். அவள் இப்படி என்னிடம் பேசியதே இல்லை. திரும்பக் கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

மத்தியானத்துக்கு மேல் பெர்சிஸ் கூப்பிட்டாள், எதிர்வீட்டுப் போனிலிருந்து. "பெரியம்மா, கோமதி லெட்டர் கிடைச்சுதா?"

"தேடிக்கிட்டிருக்கேன்."

"கோமதி பக்கத்துலதான் நிக்கா. உங்கள்ட்ட ஒண்ணு கேக்கச் சொல்லுதா. அந்த மூணு நாளு ஏன் தப்பாச்சுன்னு அவ கண்டுபிடிச்சிட்டாளாம். மோட்டார் அண்ணாச்சி மகளுக்குப் பிரசவம், அதான் அந்த மூணு நாளும் சைக்கிள உள்ள விட்டுட்டு பஸ்ஸுல போயிருக்காவ. அத ஃபாரத்துல சேத்துக்கிடலாமான்னு கேக்கா."

சேர்த்துக்கலாம் என்றேன்.

பிப்ரவரி 16, திங்கள்

விடிந்துவிட்டது. எட்டரைக்கு நந்தகோபால் ஆபீசுக்கு வருவார்.

பக்கத்தைக் கிழித்துக் கொடுக்கலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். கிழித்த ஒற்றைத் தாளை யார் நம்புவார்கள்? நானாக இருந்தால் நம்பமாட்டேன். முன்னால் பின்னால் தேதியோடு இருந்தால்தான் செல்லும். அதனால் நோட்டையே கொடுத்துவிடப் போகிறேன்.

நந்தகோபால் சார், உங்களைப் பற்றி எழுதியதையும் படிப்பீர்கள். படித்துக்கொள்ளுங்கள், மாற்றி எழுத எனக்கு நேரமில்லை. தாரிணியைப் பற்றி எழுதியதை அவளிடம் காட்ட வேண்டாம். ஜனவரி 24இல் சங்கரகோமதியின் பக்கம் இருக்கிறது. பிப்ரவரி 15இல் அவள் சேர்க்கச் சொன்னது இருக்கிறது. பிப்ரவரி 14இல் பெர்சிஸ் பேசியது இருக்கிறது, அதில் நான் கை வைக்கவில்லை. ஓர் இடத்துக்கு இரண்டு பிள்ளைகள். நாலு வருஷம் கட்டுக்கட்டாகப் படித்ததில், கன்சல்டன்ட் யாரும் கிட்டே போகாத பிள்ளைகள் இந்த இரண்டு பேர்தான். ஒருத்தியை நானே எரித்தேன். இன்னொருத்தியின் வாயில் செருப்பைத் திணித்தேன். அவள் தினமும் என்ன செய்கிறாள் என்று நான் ஒரு தடவை கேட்டிருந்தால் போதும். கேட்கத் தோன்றவில்லை. எனக்கு என்மேல் அருவருப்பாக இருக்கிறது. அணில்காரர்கள் எவ்வளவோ மேல்.

ராத்திரி முதல் பக்கத்திலிருந்து படித்துப் பார்த்தேன். ஜனவரி 24இல் கடைசியில் ஒரு வரி வருகிறது, பெயர், ஊர், தெரு பார்க்கிற வழக்கம் எனக்கு இல்லை என்று. அந்த விண்ணப்பத்தில் முதல் வரியே "பழைய தீப்பெட்டி ஆபீஸ் தெரு" என்றுதான் இருந்தது. பதினொரு வருஷமாக என் தங்கைக்கு நான் கடிதம் போடுகிற விலாசம்.

சிவப்புப் பென்சிலை எடுத்து நான் எழுதிய அந்த வரியைச் சுற்றி ஒரு வட்டம் போட்டேன். என் மூக்கு சரியாகப் பிடித்தது இந்த நாலு வருஷத்தில் இது ஒன்றுதான்.